எட்டு வாரங்களுக்குப் பின் வந்த வெயில்

ட்ரோம்சோ, நோர்வே
ஜனவரி 22

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று சூரியனைப் பார்த்தோம். நவம்பர் 27 அளவில் மறைந்தது, எட்டு வாரங்களுக்குப் பிறகு மலைக்கு மேலே சில நிமிடங்கள் முகம் காட்டிவிட்டுப் போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து ஆரவாரம் செய்தார்கள். இந்த நாளுக்கென்றே இங்கே ஜாம் வைத்த பணிஸ் பொரிப்பார்கள். உங்கள் பேரன் மூன்று சாப்பிட்டான்.

"அந்த இருட்டுக்குள் எப்படியம்மா இருக்கிறாய்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறீர்கள். "சுகமாக இருக்கிறேன்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். இன்று உள்ளபடியே எழுதுகிறேன்.

முதல் குளிர்காலத்தில் மாலை வேலை முடிந்து வந்து படுத்தால் எழும்ப மனம் வராது. ஒருநாள் கண்விழித்தபோது சுவர்க் கடிகாரத்தில் மூன்று மணி. யன்னலுக்கு வெளியே தெருவிளக்கும் பனியும்தான். பகல் மூன்றா, விடியற்காலை மூன்றா என்று தெரியவில்லை. கட்டிலில் இருந்தபடியே அழுதேன்.

என்னை எழுப்பி நிறுத்தியவர் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒரு பாட்டி. தொண்ணூறு வயதைத் தாண்டியவர், மீனவக் குடும்பம். காலையில் மெழுகுதிரி ஏற்றுவார். ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிப்பார். பிறகு கொப்பியைத் திறந்து, நடுங்கும் கையால் ஒரே ஒரு வரி எழுதுவார்: அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை. ஒருநாள் "பூச்சட்டிக்குத் தண்ணீர்". இன்னொரு நாள் "தங்கையுடன் பேசுவது". செய்து முடித்ததும் வரியின் மேல் கோடு. ஏன் ஒன்று மட்டும் என்று கேட்டேன். "இரண்டு எழுதினால் இரண்டையும் நாளைக்குத் தள்ளிவிடுவேன்" என்றார்.

நானும் ஒரு கொப்பி வாங்கினேன். இருள் காலத்திலும் பதினொரு மணி தொடக்கம் ஒரு மணி வரை வானம் ஆழ்ந்த நீலமாக வெளுக்கும். வேலை இல்லாத நாட்களில் அந்த நேரத்தை வீட்டுக்குள் கழிக்க மாட்டேன். சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு கடற்கரையோரம் நடந்துவிட்டு வருவேன். அந்த நடை இல்லாத நாள் எனக்கு நாளாகவே தெரிவதில்லை.

அப்படி நடக்கும்போதுதான் அடிக்கடி உங்களை நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 அன்று போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புறப்பட்டோமே, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடக்கவே இரவு முழுவதும் ஆனதே. எனக்கு எட்டு வயது. கொடிகாமத்தில் ஒரு மாமரத்தின் கீழே இடம் கிடைத்தது. மறுநாள் காலை "சர் சர்" என்று சத்தம் கேட்டு விழித்தேன். நீங்கள் மரத்தடியைக் கூட்டிக்கொண்டிருந்தீர்கள். அடுப்பும் இல்லை, கூரையும் இல்லை, யாருடைய நிலமோ. ஆனாலும் ஈர மண்ணில் ஈர்க்குமாற்றின் கோடுகள் வரிசையாகக் கிடந்தன. அப்பா கூட, "இப்போது இது எதற்கு?" என்று கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. கூட்டி முடித்துவிட்டு என் தலையை இழுத்துப் பின்னத் தொடங்கினீர்கள்.

வீட்டை விட்டு வரும்போது ஈர்க்குமாறு கொண்டுவந்திருக்க மாட்டீர்கள். அந்தக் காலைவேளையில், அத்தனை சனத்துக்குள், அதை யாரிடம் வாங்கினீர்கள் அம்மா? இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்