கமலாவுக்கு, கடலூரிலிருந்து

மஞ்சக்குப்பம், கடலூர்.

அன்புள்ள கமலா,

ரேஷன் கடைக்குப் போன அண்ணன் வீடு திரும்ப வழி தெரியாமல் பக்கத்துத் தெருவில் நின்றார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. பையன் "வயசானா அப்படித்தாம்மா" என்கிறானா? என் அம்மாவுக்கு மறதி வந்தபோது எங்கள் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். முதலில் காட்டிய டாக்டரும் அப்படியே சொல்லி சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். நம்பி ஒன்றரை வருஷத்தைத் தொலைத்தேன். நீ தொலைக்காதே.

சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுவது எல்லாருக்கும் உண்டு. முப்பது வருஷம் நடந்த தெருவில் திசை தெரியாமல் நிற்பது வேறு. அல்சைமர் என்ற ஜெர்மன் டாக்டர் 1906-ல் இப்படி ஒரு மறதி நோயைப் பற்றி முதலில் எடுத்துச் சொன்னார், அவர் பெயரே அதற்கு நின்றுவிட்டது. அவர் பார்த்த நோயாளி ஒரு அம்மாள், ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது அந்த அம்மாளுக்கு 51 வயசுதான்.

அம்மாவைக் கடைசியில் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். விடிகாலை பஸ் பிடித்துப் போய் ஓ.பி. சீட்டு போட்டு உட்கார்ந்தோம். ஒரு தாளைக் கொடுத்து, "கடிகாரம் வரைஞ்சு பதினொன்னு பத்து காட்டுங்கம்மா" என்றார்கள். வட்டத்தை அழகாகப் போட்டாள். பிறகு எல்லா எண்ணையும் வலப்பக்கமே நெருக்கி எழுதினாள். 12-க்கு அப்புறம் 13, 14 என்று போய்க்கொண்டே இருந்தாள். முள் வைக்கவே இல்லை. அப்பாவின் மளிகைக் கடைக்கு வருஷக்கணக்கில் பேரேடு எழுதிய கை, கமலா. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. பி12 வைட்டமின் குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும், விழுந்து அடிபட்டு மூளைக்கு மேல் மெல்ல ரத்தம் கட்டினாலும், மனச்சோர்வு வந்தாலும் மறதி வரும். இவற்றுக்கெல்லாம் மருத்துவம் உண்டு. அண்ணனுக்கும் அப்படி ஒன்றாக இருக்கலாம், யார் கண்டது? அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால், சின்னச் சின்ன பக்கவாதங்களால் வரும் மறதியா என்றும் பார்க்கச் சொல். அதுவானால் பிரஷரைக் கட்டுக்குள் வைப்பதுதான் முதல் வேலை.

அம்மாவுக்கு வந்தது அல்சைமர்தான். டோனெபெசில் என்ற மாத்திரையை 5 மில்லிகிராமில் ஆரம்பித்து, ஒரு மாதம் கழித்து 10 ஆக்கினார்கள். முதல் இரண்டு வாரம் குமட்டலும் வயிற்றுப்போக்கும் இருந்தது, பிறகு சரியானது. நோயை அது நிறுத்தாது, கொஞ்ச காலம் தாக்குப்பிடிக்க உதவும் என்று முன்பே சொல்லிவிட்டார்கள்.

மாத்திரையை விட எனக்குப் பாடமானது சாயங்காலங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்று வாசலுக்கு வருவாள். "இதுதாம்மா நம்ம வீடு" என்று நான் வாதாட வாதாட அழுகைதான் மிச்சம். இப்போது "வா, போகலாம்" என்று கையைப் பிடித்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி, கேட்டைத் திறந்து "வந்துட்டோம்மா" என்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு நிம்மதியாக உட்காருகிறாள். திடீரென்று ஒரே நாளில் குழப்பம் அதிகமானால் மட்டும் காத்திருக்காதே. அம்மாவுக்கு ஒரு தடவை அப்படி ஆனது சிறுநீர்த் தொற்றால்தான்.

என் பெயரை மறந்து மாசக்கணக்கில் ஆகிறது. ஆனால் போன வாரம் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா கூடையை இறக்கியதும், அம்மா ஒரு சங்கராவை எடுத்துச் செவுளை விரித்துப் பார்த்து, "நேத்து மீனு, வேணாம் போ" என்றாள். மீன்காரம்மா மறு பேச்சில்லாமல் அடியிலிருந்து வேறு எடுத்துக் கொடுத்தாள். நேற்று நடந்தது முதலில் அழியும், கைப்பழக்கம் ரொம்ப நாள் நிற்கும் என்று டாக்டர் சொன்னதைக் கண்ணால் பார்த்தேன். அன்றிலிருந்து மீன் வாங்குவது அம்மாதான்.

அண்ணன் சாப்பிடும் மாத்திரை அத்தனையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டு. சில தூக்க மாத்திரையும் அலர்ஜி மாத்திரையும்கூட மறதியைக் கூட்டும். காது சரியாகக் கேட்கிறதா என்றும் பார். சட்டைப் பையில் உன் போன் நம்பர் எழுதிய சீட்டு எப்போதும் இருக்கட்டும். பேங்க், பத்திரம் விஷயமெல்லாம் அவர் தெளிவாக இருக்கும் இப்போதே அவரிடமே உட்கார்ந்து கேட்டுக்கொள். அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்யாதே.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எழுது, போன் செய்தாலும் சரி. ராத்திரி எட்டுக்கு மேல் செய், அம்மா தூங்கியிருப்பாள்.

உன்,
சரோஜா