கவலை வேண்டாம் என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில், மின்சாரம் உண்டாக்கும் பாக்டீரியா மருந்துக் கழிவைச் சிதைப்பது பற்றிய கட்டுரை படித்தேன். ‘இனி ஆறுகளைப் பற்றிக் கவலை வேண்டாம்’ என்று ஒரு வரி. அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஐதராபாத் பக்கம் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் கழிவுநீர்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தினமும் சி.ஓ.டி. (ரசாயன அழுக்கு எவ்வளவு என்று காட்டும் அளவு) பார்ப்போம், பி.எச். (அமில, காரத் தன்மை) பார்ப்போம், உப்பு பார்ப்போம். தண்ணீரில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று எந்த அதிகாரியும் கேட்டதில்லை.

ஐதராபாத் அருகே மருந்து ஆலைகள் நிறைந்த பட்டான்செரு விஷயம் தாங்கள் அறியாததல்ல. சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்தம் செய்து வெளியே விட்ட நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து) இருந்ததாக ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் எழுதினார்கள். அந்த மாத்திரை சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. 2020 ஜனவரியில் ஆன்டிபயாடிக் கழிவுக்கு வரம்பு வைத்து மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. 2021இல் வந்த இறுதி விதியில் அந்த வரம்புகளையே காணோம். அப்போதே தங்களுக்கு எழுதினேன், பிரசுரிக்கவில்லை. சரி, என் கடிதம் போகட்டும், செய்தியையாவது போட்டிருக்கலாமே! ஆற்றில் நுரை பொங்கினால் அட்டைப்படம் போடுகிறீர்கள். நுரைக்காத விஷத்துக்கு உள்பக்கத்தில்கூட இடமில்லை.

பாக்டீரியாவை நான் குறை சொல்லவில்லை. ஜியோபேக்டர் என்ற மின்சார பாக்டீரியா கழிவிலுள்ள கரிமப் பொருளைத் தின்று, எலக்ட்ரானை மின்முனையில் விடுகிறது. கம்பி வழியே எதிர்முனைக்குப் போகும் எலக்ட்ரானைக் கொண்டு அங்குள்ள நுண்ணுயிரிகள் குளோராம்பெனிகால் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தின் வீரியத்தைப் போக்குகின்றன. அருமையான வேலை. ஐதராபாத்திலுள்ள மத்திய அரசின் வேதியியல் ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.சி.டி.யிலும் இந்த நுண்ணுயிர் மின்கலங்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வு நடக்கிறது. ஆனால் ஆய்வகத்துக் கலத்தில் ஊற்றும் தண்ணீர் வேறு, டேங்கரில் வந்து இறங்கும் கலவை வேறு. உப்பும் சால்வென்டும் (கரைப்பான் ரசாயனம்) ஏறிய ஒரு லோடு வந்து, காற்றூட்டும் தொட்டியிலிருந்த பாக்டீரியா மொத்தமும் செத்து, தொட்டி மறுபடி தேற வாரக்கணக்கில் ஆனதைக் கண்ணால் பார்த்தவன் நான். அந்தந்த ஆலைக்குள்ளேயே, மற்ற கழிவோடு கலக்கும் முன்பே இந்த மின்கலத்தை வைத்தால்தான் பலன். சட்டம் கேட்காதபோது எந்த முதலாளி காசு போட்டு வைப்பார்?

அடுத்த இதழில் அந்த ஒரு வரிக்குத் திருத்தம் போடுங்கள். அப்புறம், கட்டுரையில் சொன்ன பாக்டீரியா சோதனை எத்தனை லிட்டர் நீரில் நடந்தது என்று கட்டுரையாளரிடம் கேட்டு அதையும் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஐதராபாத்