பொய் சார்ட்டும் படுக்கைப்புண்ணும்: முதியோர் பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு மேலாளர்,
தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: வேளச்சேரி கிளையில் என் தாயாருக்கு வந்த படுக்கைப்புண், கையைக் கட்டிவைத்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கிளையில் கேட்டால் தலைமை அலுவலகம் என்கிறார்கள், தலைமை அலுவலகத்தில் கேட்டால் கால் சென்டர், கால் சென்டரில் கேட்டால் மறுபடியும் கிளை. அலைந்து ஓய்ந்துபோய் எழுதுகிறேன். அம்மாவைச் சேர்த்த படுக்கை நோயாளி பேக்கேஜில் என்னென்ன அடங்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் வால் எலும்புக்கு மேலே உள்ள புண் மூன்றாம் நிலை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தோலைத் தாண்டிக் கொழுப்பு வரை போய்விட்டது. முதலில் அந்த இடம் சிவந்திருக்கும், விரலால் அழுத்தினால் வெளுக்காது. அப்போதே கவனித்து, அந்தப் பக்கம் பாரம் விழாமல் படுக்கவைத்திருந்தால் ஆறியிருக்கும். டயப்பர் மாற்றுகிறவர் கண்ணில் படாத இடமா அது?

அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்கவைத்ததாகக் குறிக்கும் உங்கள் சார்ட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வலது, மல்லாந்து, இடது என்று எல்லாக் கட்டத்திலும் டிக். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் எல்லாம் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. அம்மாவை சி.டி. ஸ்கேனுக்கு ஆம்புலன்ஸில் கூட்டிப்போயிருந்த மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும்கூட டிக் இருக்கிறது. கட்டிலிலேயே இல்லாதவரை யார் திருப்பிப் படுக்கவைத்தது?

இதைக் கேட்டதற்கு உங்கள் சூபர்வைசர் சொன்னது: "பெட் பேஷண்டுன்னா புண்ணு வரத்தான் செய்யும். பிடிக்கலைன்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." நின்றபடி, செல்போனைப் பார்த்துக்கொண்டே.

ஏர் பெட் (காற்று மெத்தை) போட்டிருக்கிறோம் என்கிறீர்கள். அதன் பம்பில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை நோயாளியின் எடைக்கு ஏற்ப வைக்க வேண்டும். 48 கிலோ அம்மாவுக்கு அதை அதிகபட்ச அளவுக்குத் திருகி வைத்திருந்தார்கள், மெத்தை பலகை மாதிரி இருந்தது. சரியாக வைத்தாலும் பக்கம் மாற்றித்தான் ஆக வேண்டும். இரவில் ஒரு மாடிக்கு ஒரே ஆயா. தனியாளாகத் தூக்க முடியாமல் கால்மாட்டிலிருந்து மேலே இழுக்கிறார், ஈரத்தில் ஊறிய தோல் உரிகிறது. அடியில் துணி விரித்து இரண்டு பேர் தூக்க வேண்டிய வேலை அது. அந்த ஆயாவை வேலையை விட்டு அனுப்பிக் கணக்கை முடித்துவிடாதீர்கள், ஆள் போடாதது நீங்கள்.

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்களாம்! பெற்ற தாயைப் பற்றி ஒரு மகனிடம் பேசுகிற பேச்சா இது?

கையைப் பற்றி எழுதவே நடுங்குகிறது. பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடது கை வராது. பெல் அடிக்க இருந்தது அந்த வலது கை ஒன்றுதான். அதைத்தான் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருக்கிறார்கள், மணிக்கட்டில் தடம் இருக்கிறது. எந்த டாக்டர் உத்தரவில்? அம்மா பட்ட வேதனைக்கு நீங்கள் என்ன கொடுத்தாலும் ஈடாகாது.

தயவுசெய்து 7 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். அசல் சார்ட், மருந்து கொடுத்த பதிவேடு, இரவு டியூட்டி பட்டியல் மூன்றும் வேண்டும். அந்த சூபர்வைசரை நோயாளிகள் பக்கமே விடக்கூடாது. டிரெஸ்ஸிங் செலவு உங்களுடையது.

இல்லையென்றால் 14567 முதியோர் உதவி எண், மாவட்ட சமூக நல அலுவலர், மாவட்ட நுகர்வோர் ஆணையம் எல்லா இடத்துக்கும் போவேன். பராமரிப்பதாக ஒப்பந்தம் போட்டுவிட்டு, உடம்பு முடியாதவரை வேண்டுமென்றே கவனிக்காமல் விடுவது பாரதிய நியாய சன்ஹிதா 357ஆம் பிரிவின்படி குற்றம், 3 மாதம் வரை சிறை உண்டு. உங்கள் வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அதற்குள் சிசிடிவி பதிவு அழிந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அம்மா இருந்த அறையின் காரிடார் பதிவை இன்றே தனியாக எடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்

இணைப்பு: சார்ட் நகல், ஸ்கேன் ரசீது, புண், மணிக்கட்டுத் தடம் ஆகியவற்றின் போட்டோக்கள்