பாகத்துக்கு முன் பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே நிலத்தைப் பல மனைகளாகப் பிரிக்க முற்படுவோரில் பலர், மொத்தப் பரப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்துத் தாளில் கோடு போட்டுவிட்டு, அதற்குப் பிறகே பாதையையும் வடிகாலையும் பற்றி யோசிக்கிறார்கள். பாகப்பிரிவினை முடிந்து நெடுநாள் கழித்தும் வழித்தகராறுகள் நீதிமன்றப் படியேறுவதற்கு இந்தத் தலைகீழ் வரிசை ஒரு முக்கியக் காரணம் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

110 அடி அகலமும் 396 அடி நீளமும் கொண்ட நிலம் சரியாக ஒரு ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. அதன் 110 அடிப் பக்கம் மட்டுமே சாலையைத் தொடுகிறது, அதை நால்வருக்குப் பிரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீளவாக்கில் பிரித்தால் நால்வருக்கும் சாலை முகப்பு கிடைக்கும். ஆனால் ஆளுக்கு 27.5 அடி அகலமே வரும் என்பதால், இருபுறமும் ஐந்தைந்து அடி விட்டுத்தான் கட்ட வேண்டும் என்று விதி இருக்குமானால் வீட்டுக்கு மிஞ்சுவது 17.5 அடிதான். குறுக்குவாக்கில் பிரித்தால் ஒவ்வொரு பாகமும் 110க்கு 99 அடி என்று கட்டுவதற்கு வாகாக அமையும்; ஆனால் பின்னால் உள்ள மூன்று பாகங்களுக்கும் வழி இருக்காது.

சரி, ஓரமாக 20 அடிப் பாதை விடலாம் என்பார்கள். நான்காவது பாகத்தை எட்ட அந்தப் பாதை 297 அடி நீள வேண்டும். அதற்கு 5,940 சதுர அடி போய்விடும். முன்னால் உள்ள மூவரும் ஆளுக்கு 1,980 சதுர அடியை இழக்க, பாதை முழுவதையும் பயன்படுத்தப்போகிற நான்காமவர் எதையும் இழப்பதில்லை; முதல் பாகத்துக்காரருக்கோ, சாலை வாசலிலேயே இருப்பதால், அந்தப் பாதையே தேவையில்லை. மாறாக, பாதையை முதலில் ஒதுக்கிவிட்டு, முன்பாகங்கள் மூன்றின் ஆழத்தையும் 99 அடியிலிருந்து ஏறத்தாழ 104 அடியாகக் கூட்டினால், நால்வருக்கும் சுமார் 9,330 சதுர அடி வந்துவிடும். சாலையோர மனைக்கு மதிப்பு கூடுதல் என்பதை அப்போதும் மறுப்பதற்கில்லை. அதைப் பணத்தால் ஈடு செய்வதா, பரப்பால் ஈடு செய்வதா என்பதைப் பத்திரம் எழுதும் முன்பே பேசித் தீர்த்துக்கொள்வது நல்லது.

இந்தக் கணக்கைப் போடுவதற்கும் முன்னால் நிலத்தை உரிமம் பெற்ற நில அளவரைக் கொண்டு, பக்கத்து நிலத்தவர் முன்னிலையில், அளந்துவிட வேண்டும். ஆவணத்தில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒத்துப்போகாமல் இருப்பது அரிதன்று. எல்லைக்கல் இடம் மாறியிருக்கலாம். சரிவான நிலத்தில் தரையோடு ஒட்டி நாடா பிடித்திருந்தால், கிடைமட்டத் தூரத்தைவிடக் கூடுதலான நீளமே எழுதப்பட்டிருக்கும். அளவர் வரும்போதே தரையின் ஏற்றத்தாழ்வையும் குறித்து வாங்கிக்கொண்டால், மழைநீர் எந்தப் பாகத்தின் வழியே வடியும், கழிவுநீர்க் குழாயை எந்தப் பக்கம் சரித்துப் போடலாம் என்பதும் தெரிந்துவிடும். வில்லங்கம் பார்ப்பது, அடமானம் இருந்தால் கடன் கொடுத்தவரின் இசைவைப் பெறுவது, கூட்டுரிமையாளர் அனைவரையும் கையொப்பமிட வைப்பது ஆகியவற்றைப் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்பதால் விரிக்கவில்லை.

பாதையை விட்டால் மட்டும் போதாது. அது நால்வரின் பொது உடைமையா, ஒருவருடைய நிலத்தின் மீது மற்றவர்களுக்குள்ள வழியுரிமையா என்பதை ஒவ்வொரு பத்திரத்திலும் ஒரே வாசகத்தில் எழுத வேண்டும். நடப்பதற்கு மட்டும் என்று எழுதிவிட்டு, பிற்பாடு அதே பாதையில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் கொண்டுபோக முயல்வதால் எழும் வழக்குகள் உண்டு. பராமரிப்புச் செலவின் பங்கு, மனை கைமாறும்போது வழியுரிமையும் உடன் செல்லும் என்ற உறுதி, பாதையின் கோடியில் தீயணைப்பு வண்டி திரும்புவதற்கான இடம் ஆகியவையும் அதில் இருந்தாக வேண்டும். வாய்ச்சொல்லாக ஒப்புக்கொண்ட பாதை, முதல் மனை வெளியாருக்கு விற்கப்பட்ட நாளிலேயே கேள்விக்குள்ளாகும்.

அதிகாரிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மனையின் குறைந்தபட்சப் பரப்பும், முகப்பும், பாதையின் அகலமும் ஊருக்கு ஊர் மாறுபடுகின்றன. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்ட பிறகே பலர் இவற்றை அறிகிறார்கள். அதற்குள் வரைபடச் செலவும் ஆகிவிடுகிறது, வாங்குபவரிடம் முன்பணமும் பெற்றுவிடுகிறார்கள். முழு விண்ணப்பத்துக்கு முன்பே, கையால் வரைந்த ஒரு மாதிரிப் படத்தைப் பார்த்து, பாதையும் வடிகாலும் முகப்பும் விதிக்கு உட்பட்டவையா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவிக்கும் முன்னாலோசனை முறையை, சிறு கட்டணம் பெற்றுக்கொண்டாவது, ஒப்புதல் வழங்கும் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் நடைமுறைப்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்