கூப்பிடும்போது நேரத்தையும் சொல்லுங்கள், அக்கா

அன்புள்ள மூன்றாம் மாடி அக்காவுக்கு,

எதிர்வீட்டுப் பாப்பாவுக்கு முதல் வகை நீரிழிவு என்று தெரிந்ததிலிருந்து, பலகாரம் செய்த அன்று அந்த வீட்டுக் கதவைத் தட்டவே தயங்குகிறீர்கள். குழந்தை ஏங்கிப் போகுமே என்ற இரக்கம்தான் காரணம் என்று புரிகிறது. ஆனால் முறுக்கு சுடும் வாசனை அவளுக்கும் வரும். எப்போதும் வரும் தட்டு இப்போது ஏன் வரவில்லை என்பதும் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தட்டை நிறுத்தாதீர்கள் அக்கா. கொஞ்சம் விவரம் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

இது இனிப்பு தின்று வந்த நோய் இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. மாசமாக இருந்தபோது அம்மா தின்ற மாம்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மாடிப்படியில் யாராவது அப்படிப் பேசினால் நீங்களே தடுத்துவிடுங்கள். உடம்பில் சுரக்காத இன்சுலினை ஊசியில் போடுகிறார்கள். தின்னும் மாவுச்சத்துக்குத் தக்கபடி அதன் அளவு கூடும், குறையும். சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம், நடுத்தர இட்லி ஒன்றில் 10 முதல் 15 கிராம் என்று அவள் அம்மாவுக்கு எல்லாம் மனப்பாடமாகியிருக்கும். அதனால் லட்டு கொடுப்பதில் தப்பில்லை, அம்மாவுக்குத் தெரியாமல் கையில் திணிப்பதுதான் தப்பு. என்ன பலகாரம், எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாட்டுச்சர்க்கரை, வெல்லம், தேன் எதைப் போட்டிருந்தாலும் சர்க்கரைக் கணக்குதான்.

நேரம் அதைவிட முக்கியம். சாப்பாட்டுக்கான ஊசியைப் பொதுவாக 10, 15 நிமிடம் முன்பு போடுவார்கள். நீங்கள் "இதோ ஆச்சு, வா" என்று கூப்பிட்டு, அவள் ஊசி போட்டு வந்த பிறகு குக்கர் விசிலுக்குக் காத்திருந்தால், சோறு வருமுன் இன்சுலின் வேலையைத் தொடங்கிவிடும், சர்க்கரை இறங்கிவிடும். எல்லாம் தயாரான பிறகே கூப்பிடுங்கள். கேக் வெட்டும் பிறந்தநாள் என்றால், சொன்ன நேரத்துக்கு வெட்டிவிடுங்கள்.

சர்க்கரை இறங்குவதை நீங்கள் அடையாளம் காணத் தெரிந்திருக்க வேண்டும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சிடுசிடுக்கும், கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், முகம் வெளுக்கும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும். ரத்தச் சர்க்கரை பார்க்கும் மீட்டரில் 70-க்குக் கீழே காட்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ கலந்து உடனே கொடுங்கள். 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஏறக்குறைய அவ்வளவு போதும். அவளுடைய டாக்டர் எழுதிக் கொடுத்த அளவு இருந்தால் அதுதான் சரி. பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். சாக்லேட் வேண்டாம், பாலும் வேண்டாம். அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பயத்தில் லட்டு மேல் லட்டாக ஊட்டினால், ஒரு மணி நேரத்தில் 300-ஐத் தாண்டி நிற்கும். பிள்ளைக்கு நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றவே கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட்டு, அம்மாவுக்குக் குரல் கொடுங்கள்.

மாலையில் உங்கள் பிள்ளைகளோடு அவள் ஓடிப்பிடித்து விளையாடட்டும். தனியாக உட்காரவைத்து "பாவம்" என்று பார்ப்பது வேண்டாம். ஒரே ஒரு உதவி: எவ்வளவு நேரம் ஓடினாள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஓடியதன் பலனாக நடுராத்திரியில்கூடச் சர்க்கரை இறங்கலாம்.

பாகற்காய்ச் சாறு, சிறுகுறிஞ்சான் பொடி என்று நல்லெண்ணத்தோடு யாராவது சொல்லி, ஊசியை நிறுத்திப் பார்க்கச் சொல்வார்கள். இதில் மட்டும் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டும். 1922-இல் கனடாவின் டொராண்டோவில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலில் இன்சுலின் போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் உருகி உருகிப் போய்ச் சேர்ந்தார்கள். இன்றும் ஊசி நின்றால் ஓரிரு நாளிலேயே வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, உங்கள் ஃபிரிட்ஜ். அவர்கள் வீட்டில் அது பழுதானால் பிரிக்காத இன்சுலினை உங்களிடம் தந்துவைக்கலாம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கதவுத் தட்டில் மூடிய டப்பாவில் வையுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், ஐஸ் படியும் பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த மருந்து உருகியபின் பார்க்க நன்றாகவே இருந்தாலும் நம்பிப் போட முடியாது. ஊருக்குப் போகும்போது ஃபிரிட்ஜை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால், முதல் நாளே அந்த டப்பாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை