டிக்கெட் போடுவதற்கு முன்னால் இதைப் படி

அன்புள்ள கோமு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் போடாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரமா பழைய வேலைக்கே திரும்பிவிட்டாள். மற்ற கதையெல்லாம் அப்புறம். மூன்றாவது பக்கத்தின் அடியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே ஒன்று, அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை.

தாய்லாந்தில் ஒரு பள்ளியில் 3 மாதம் இங்கிலீஷ் சொல்லித்தரும் வேலை. விசா இல்லாமலே வந்துவிடு, மற்றதை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள்.

வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்! 2018-ல் நான் அங்கே வேலைக்குப் போனபோது என்னிடம் சொன்னதும் இதே வார்த்தைதான்.

வேலை கிடைத்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஹாஸ்டலில் விளக்கணைத்த பிறகும் எங்களைத் தூங்கவிடாமல் இலக்கணம் நடத்தியவள் நீ. பத்மா மிஸ்ஸே உன்னிடம் சந்தேகம் கேட்பார். அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். அதனால்தான் நீ சரியான வழியில் போக வேண்டும் என்று தவிக்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். விசா வேறு, வேலை அனுமதி வேறு. விசா நாட்டுக்குள் இருக்க. வேலை அனுமதி தருவது தாய்லாந்துத் தொழிலாளர் அமைச்சகத்தின் கீழுள்ள வேலைவாய்ப்புத் துறை. ஒன்று கையில் இருந்தால் மற்றது இருப்பதாக ஆகாது. 2024 ஜூலையில் நம் பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாமல் 60 நாள் என்று அறிவித்தார்களே, அதை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்கச் சம்பளத்துக்குப் பாடம் எடுக்க முடியாது. அவசர வேலைக்கென்று, தகவல் மட்டும் கொடுத்துவிட்டு 15 நாள் வரை செய்யும் வழி ஒன்று சட்டத்தில் உண்டு. உன் 3 மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? நீ கேட்டிருந்த டிடிவி விசாவும் ஆகாது. அது வெளிநாட்டுக் கம்பெனி வேலையை அங்கே உட்கார்ந்து லேப்டாப்பில் செய்கிறவர்களுக்கு. தாய்லாந்துப் பள்ளியில் வேலை பார்க்க உதவாது.

உன்னிடம் நான் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் போன பள்ளியில் முதல் 6 வாரம் அனுமதி இல்லாமல்தான் பாடம் எடுத்தேன். மே நடுவில் பள்ளி திறந்தது. ஜூன் கடைசியில் ஒரு காலை, மூன்றாம் வகுப்பில் கிழமைகளின் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அலுவலகப் பெண் ஓடிவந்து, பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போ என்றாள். விளக்குப் போடாத நூலக அறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் "டீச்சர், டீச்சர்" என்று தேடுவது கேட்டது. வந்தவர்கள் வேறு ஏதோ காரியமாக வந்த அதிகாரிகள் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் கற்றுக்கொடுக்கப் போனவள் களவாணி போல ஒளிந்திருந்தது நடந்தது நடந்ததுதான். மறுநாள் அந்த வகுப்புக்குள் நுழையக் கால் கூசியது.

என்னோடு அறை எடுத்திருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணுக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. அபராதம் கட்டவைத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் புத்தகங்களைப் பெட்டியில் கட்டி அனுப்பியது நான்.

2017-ல் வெளிநாட்டவர் வேலை பார்ப்பதற்கான அந்தச் சட்டம் முதலில் வந்தபோது, அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 5 ஆண்டு வரை சிறை என்றிருந்தது. பயந்துபோய் மியான்மார் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் எல்லை தாண்டி ஓடினார்கள். 2018-ல் திருத்திச் சிறையை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த ஊர்ப் பணத்தில் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாடு கடத்தல், அதற்குமேல் 2 ஆண்டுக்கு வேலை அனுமதி கேட்கவே முடியாது. பள்ளிக்கும் ஆளுக்கு 10,000 முதல் 1,00,000 பாட் வரை உண்டு. ஆனால் பள்ளி அங்கேயேதான் இருக்கும், விமானம் ஏறுவது நீதான்.

குறுகிய காலத்துக்கு இவ்வளவு செலவு எதற்கு என்று அவர்கள் சொல்வதாக எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம்! 3 மாத வேலை அனுமதிக்குக் கட்டணம் 750 பாட், விண்ணப்பத்துக்கு 100. அவ்வளவுதான் கோமு. மூன்று மாதத்துக்கென்றே தனிக் கட்டணம் வைத்திருக்கிறார்கள். குறைவது பணமல்ல, பேப்பர் தயார் பண்ணும் மனசு.

சரியான வழி இது. பள்ளி அங்கிருந்து கடிதங்களை அனுப்ப வேண்டும். அதை வைத்து நீ இங்கேயே 'நான்-இமிகிரன்ட் பி' (Non-Immigrant B) என்ற விசா வாங்க வேண்டும். அதில் 90 நாள் கிடைக்கும். போய் இறங்கிய பிறகுதான் வேலை அனுமதி கைக்கு வரும். விசா வந்துவிட்டதே என்று வகுப்புக்குள் போய்விடுகிறோம், வழுக்கி விழுவது அந்த இடைவெளியில்தான். உள்ளே போய் விசாவை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். அதற்குத் தங்கும் நாள் குறைந்தது 15-ஆவது மிச்சமிருக்க வேண்டும், பள்ளியின் பேப்பர் எல்லாம் அதற்குள் தயாராக வேண்டும். இப்போதே தயார் செய்யாதவர்கள் அப்போது செய்வார்கள் என்று எப்படி நம்புவது?

டிகிரி சான்றிதழுக்கு அட்டெஸ்டேஷன் வேலையை இந்த வாரமே ஆரம்பி, எனக்கு அதிக நாள் இழுத்தது அதுதான். டாக்டர் சர்டிபிகேட்டும் கேட்பார்கள். தொழுநோய், காசநோய், யானைக்கால் எதுவும் இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். வழக்கமான பள்ளியென்றால் ஆசிரியர் கவுன்சிலின் அனுமதியும் வேண்டும். அதற்கு அங்கே 'குருசபா' என்று பெயர், கேட்டதும் நம்ம ஊர்ச் சொல் போலவே இருக்கும்! மொழிப் பயிற்சி நிலையம் என்றால் அது தேவையில்லை. உன்னுடையது எது என்று நீ எழுதவே இல்லையே?

இன்னொன்று. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பள்ளியா, நடுவில் இருக்கும் ஏஜென்சியா? அனுமதியில் முதலாளி யார் என்று பதிவாகும். நீ பாடம் எடுக்கும் இடமும் அதற்குப் பொருந்த வேண்டும். சனி ஞாயிறு வேறு இடத்துக்கு அனுப்புவோம் என்றால், அதுவும் பதிவாக வேண்டும் என்று சொல்.

டிக்கெட் இன்னும் போடவில்லைதானே? போடாதே. விசாவுக்கான கடிதம் எப்போது வரும், அனுமதி யார் பெயரில், அது வரும்வரை எனக்கு என்ன வேலை என்று மூன்றையும் மெயிலில் கேள். போனில் கேட்காதே. என்ன பதில் வந்தாலும் அப்படியே எனக்கு அனுப்பு. மழுப்பினால் வேறு பள்ளி பார்ப்போம், நவம்பரில் அடுத்த பருவம் தொடங்கும். நானும் உட்கார்ந்து தேடித் தருகிறேன்.

உன்
சாந்தி

பி.கு. என் தாய்லாந்து மொழிக் கையேடு பத்திரமாக இருக்கிறது. ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்திருக்கிறேன். முகவரி மாறவில்லையென்றால் நாளைக்கே தபாலில் போடுகிறேன்.