மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக்குப் புறப்படும் நம் கடற்கரை இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த இளைஞர்களே,

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் ஊர்களைச் சேர்ந்த நீங்கள் பன்னிரண்டு பேர், வரும் தீபாவளி விடுமுறையில் ஆனைமலையின் கிழக்குக் கோடியில் உள்ள மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்குக்கு நடைப்பயணம் போக வகுத்திருக்கும் திட்டத்தை உங்களில் ஒருவரின் தாயார் என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தளிஞ்சி, தளிஞ்சிவயல், மஞ்சம்பட்டி, மூங்கில்பள்ளம் என நான்கு ஊர்களை மூன்று பகல் இரண்டு இரவில் நடந்து முடிப்பதாக அதில் எழுதியிருந்தீர்கள். காலணி, கூடாரம், கயிறு, டார்ச் விளக்கு, கேமரா, ட்ரோன் என்று இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் இருந்தது. அந்த நான்கு ஊர்களில் குடியிருப்பவர்களைப் பற்றி இருந்ததோ ஒரே வரி: 'வழியில் பழங்குடி மக்களின் வாழ்க்கையைப் பார்த்தல்.' அந்த வரிதான் இந்த மடலை எழுத வைத்தது. உங்களைத் தொடர்ந்து இந்தக் கரையிலிருந்து வேறு குழுக்களும் மலைக்குப் போகும் என்பதால், தனியாகச் சொல்ல வேண்டியதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பார்க்கப்படுவது எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா? 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு, குடியிருக்கத் தகுதியற்றது என்று கைவிடப்பட்ட தனுஷ்கோடியில் ஓலைக்குடிசை போட்டுத் தங்கிவிட்ட குடும்பங்களில் என் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வருவதற்கு முன், மணலில் வேன் பிடித்து வந்த வெளியூர்க்காரர்கள் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடித்த கையோடு, மணலில் ஊற்றுத் தோண்டி அகப்பையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்த சின்னம்மாவையும் படம் பிடித்தார்கள். ஒருவர் அவரை இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னார். சின்னம்மா குனிந்தார், ஏன் குனிந்தோம் என்று சாகும் வரை சொல்லிச் சொல்லி ஆற்றாமைப்பட்டார். இதே கரையில் பிறந்த நீங்கள் மலையில் போய் இன்னொருவரைக் குனியச் சொல்லிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறித்திருக்கும் நான்கு ஊர்களும் 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள், அமராவதி வனச்சரகத்தில் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி முன் அனுமதி இல்லாமல் அங்கே நுழைவது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. 2024-இல் தொடங்கிய அரசின் மலையேற்றத் திட்டத்தில் நாற்பது பாதைகள் திறக்கப்பட்டன. சின்னாறு சோதனைச் சாவடியிலிருந்து கூட்டாறு வரை செல்லும் பாதை அவற்றில் ஒன்று. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி உடன் வர, பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் நடை அது. கூட்டாற்றுக்கு அப்பால் கூடாரம் அடித்து இரவு தங்குவது என்ற உங்கள் எண்ணத்துக்கு வனத்துறை எழுத்தில் இசைவு தராவிட்டால், அந்த இரண்டு இரவுகளையும் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆனால் வனத்துறை தரும் சீட்டு ஊர்க்காரர்களின் சம்மதம் ஆகிவிடாது. இதை நம் பாசி எடுக்கும் பெண்களைக் கேட்டால் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா ஆனபோது, பாட்டி காலத்திலிருந்து அந்தத் தீவுகளைச் சுற்றி முங்கிப் பாசி பறித்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்கிய பெண்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள். அதன் பிறகும் அவர்கள், மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது, மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் கடலில் இறங்குவதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை முன்நின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத நாள் கணக்கும் விலக்கும் ஒவ்வோர் ஊருக்கும் உண்டு என்பதை இதைவிட நெருக்கமாக நீங்கள் எங்கே கற்கப்போகிறீர்கள்?

எனவே நாளைக் குறிப்பதற்கு முன் ஊரைக் கேளுங்கள். ஆசிரியப் பயிற்சியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி அந்த மலையில் சில ஆண்டுகள் பள்ளிக்கூடம் நடத்தினாள். அவளைப் பார்க்க ஒருமுறை போனபோது, ஊர் மூப்பர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எங்கிருந்து வருகிறேன் என்பதல்ல. யாரிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்பதுதான். தோழியின் பெயரைச் சொன்ன பிறகுதான் உட்காரச் சொன்னார். உங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. ஆகையால் குழுவிலிருந்து இருவர் மட்டும் முன்கூட்டி உடுமலைப்பேட்டைக்குப் போய், வனச்சரக அலுவலகத்தில் விண்ணப்பித்து, அதன் வழியாகவே தளிஞ்சியைச் சேர்ந்த வழிகாட்டியைக் கண்டு பேசி, ஊர்ப் பெரியவர்களிடம் செய்தி சொல்லி அனுப்பிவிட்டு, மறுமொழி வரும் வரை காத்திருங்கள். 'இப்போது வேண்டாம்' என்று பதில் வந்தால் அதற்குக் காரணம் கேட்காதீர்கள்.

தீபாவளி விடுமுறை என்று நீங்கள் குறித்த காலமே தவறு. மஞ்சம்பட்டி மழை மறைவுப் பகுதி. தென்மேற்குப் பருவமழை அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை, வடகிழக்குப் பருவமழைதான் அந்தப் பள்ளத்தாக்கை நனைக்கிறது. பாம்பாறு, சின்னாறு, தேனாறு மூன்றும் சேர்ந்து அமராவதி அணைக்குப் போகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மலைமேல் பெய்தால் கூட்டாற்றில் வெள்ளம் இறங்கி, தளிஞ்சிக்காரர்களே அக்கரை சேர முடியாமல் நிற்பார்கள். கடலில் நீந்துபவர்கள் என்ற தைரியம் அங்கே உதவாது. பாறைக்குள் பாயும் ஆற்று நீர் கடல் அலையைப் போல ஆளைத் திருப்பிக் கரையில் போடாது. மாசி, பங்குனி என்றால் புல் காய்ந்து தீப்பிடிக்கும் பருவம். யானைகள் அணைத் தண்ணீரைத் தேடி இறங்குவதும் அப்போதுதான். இடையில் தை மாதம் இருக்கிறது. அதையும் அவர்கள் வாயால் கேட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பற்றித் திட்டத்தில் 'கிராமத்தில் உண்ணுதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். வண்டி போகாத மலை ஊருக்கு ரேஷன் அரிசி தலைச்சுமையாகத்தான் போய்ச் சேர வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தீர்களா? பன்னிரண்டு பேர் இரண்டு வேளை உண்டால், ஒரு வீட்டின் ஒரு வாரத்து அரிசி கரையும். விருந்தாளியிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது. நம் வீடுகளிலும் அப்படித்தானே, கடனுக்கு வாங்கியாவது மீன் வைப்போம். உங்கள் அரிசி, பருப்பு, எண்ணெயை நீங்களே சுமந்து செல்லுங்கள். யாரேனும் கேழ்வரகுக் களி தந்தால் மகிழ்ச்சியோடு உண்டுவிட்டு, விலை என்று சொல்லாமல் வழிகாட்டியிடம் கேட்டு உரியதைக் கொடுங்கள். தைலப்புல் காய்ச்சி எடுத்த எண்ணெயோ, சீமாற்றுப் புல்லோ, தேனோ வாங்கினால் பேரம் பேசாதீர்கள். குழந்தைகளுக்கு மிட்டாய் வீசுவது, பழந்துணி மூட்டை கொண்டுபோவது, தலைவலி மாத்திரை விநியோகிப்பது இவை எதுவும் வேண்டாம். (தனுஷ்கோடிக்கு வந்த பழந்துணியில் பாதி குளிர்காலக் கம்பளிச் சட்டைகள். அதை வைத்து நாங்கள் படகு துடைத்தோம்.)

அங்கே முதுவர், புலையர் என்று தனித்தனி வழக்கமுள்ள மக்கள் இருக்கிறார்கள். முதுவர்கள் தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று சொல்வார்கள். குழந்தைகளை முதுகில் கட்டி நடந்ததால் அந்தப் பெயர் வந்தது என்பதும் அவர்களே சொல்லும் கதை. மதுரை வழியாகவே போகும் நாம் அவர்களை ஏதோ வேற்றுலகத்தார் போலப் பார்ப்பது வேடிக்கை. மணமாகாத இளைஞர்கள் இரவு படுக்கும் சாவடி அவர்களது ஊர்களில் உண்டு. பெண்கள் விலகியிருக்கும் குடிலும் உண்டு. அதன் பக்கம் போகாதீர்கள், அதைப் பற்றிக் கேள்வியும் கேட்காதீர்கள். உங்கள் குழுவில் நான்கு பெண்கள் இருப்பதால், அவர்கள் எங்கே உட்காரலாம், எந்த ஓடையில் கை கால் கழுவலாம் என்பதை முதல் நாளே வழிகாட்டியிடம் தெரிந்துகொள்ளுங்கள்.

அதே மலையில், திருமூர்த்திமலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி ஊர்களில் பிரசவ வலி கண்ட பெண்களைத் தொட்டில் கட்டித் தோளில் சுமந்து இறக்கிய செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள். அப்படி ஒரு தொட்டில் எதிரே வந்தால் பாதையை விட்டு ஒதுங்கி நில்லுங்கள். கேட்டால் தோள் கொடுங்கள். கேமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மலையில் நடப்பது பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணலில் நடந்து பழகிய கால், இறக்கத்தில்தான் முழங்காலில் வலிக்கும். வழிகாட்டி நில் என்றால் நிற்க வேண்டும், பேசாதே என்றால் பேசக் கூடாது. காற்றில் யானை வாடையை அவர் அறிவார், நீங்கள் அறியமாட்டீர்கள். வழிகாட்டிக் கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து ஆளுக்கு இவ்வளவுதானா என்று பெருமைப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு அது குறைவாகவே படுகிறது.

ஒரு செய்தி விட்டுப்போயிற்று. தோழி வேலைபார்த்த காலத்தில், நான் கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டுக்கு அந்த ஊரில் இருந்த வரவேற்பு என் பேச்சுக்கு இருந்ததில்லை. காட்டுப் பாதையில் அந்த வாடையோடு நடக்கலாமா கூடாதா என்று வழிகாட்டியிடம் முன்பே கேளுங்கள். அவர் சரி என்றால் வந்து சொல்லுங்கள். பாம்பன் கரையில் நல்ல கருவாடாகப் பார்த்து, காற்றுப் புகாமல் கட்டித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.